ஸல்வாவும் வளர்ப்புக் காடையும்

சென்ற ஷவ்வால் மாதத்தில் கடற்கரை ஊரொன்றில் நடைபெற்ற வலீமா விருந்துக்கு நாம் சென்றிருந்தோம். நால்வருக்கு ஒரு சஹன். நெய்ச்சோற்றின் மீது முழுக் காடைகளைப் பொரித்து அடுக்கியிருந்தார்கள். நம்மோடு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், பன்னிரண்டு வயதிருக்கும் தம் பேரனின் பக்கம் ஒரு காடையை எடுத்து வைத்தார். "வாப்பா, இது என்ன பறவை தெரியுமா? மூஸா நபியுடைய கூட்டத்தாருக்கு அல்லாஹ் இறக்கி வைத்த ஸல்வா இதுதான். பிஸ்மி சொல்லிச் சாப்பிடு" என்றார்.

பேரன் பறவையைப் பார்த்தான். பிறகு நம்மைப் பார்த்தான். "ஹஜரத், இது எங்கள் தெருக்கோடிப் பண்ணையில் வாங்கியதாயிற்றே! பண்ணைக் காடையும் வானத்திலிருந்துதான் வந்ததா?" என்று கேட்டுவிட்டான்.

பெரியவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி சிரித்துக் கடந்துவிடத் தக்கதன்று. ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், அச்சிறுவனுக்கு அந்த இடத்தில் தெளிவான விடை எதுவும் சொல்லவில்லை. "பார்த்துச் சொல்கிறோம், தம்பி" என்றோம். அவ்வாறு பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

'மன்னு', 'ஸல்வா' ஆகிய இரண்டும் திருமறையில் மூன்று இடங்களில் இணைந்தே வருகின்றன. அல்பகரா, அல்அஃராஃப், தாஹா ஆகிய அத்தியாயங்களில் அவற்றைக் காணலாம். ஃபிர்அவ்னிடமிருந்து மீட்கப்பட்டுப் பாலைவெளியில் அலைந்த பனூ இஸ்ராயீல்களுக்கு, உழாமலும் விதைக்காமலும் கிடைத்த உணவு அது. ஸல்வா என்பது தேன் என்று கூறிய மொழியறிஞர் சிலரும் உண்டு. ஆனால் விரிவுரையாளர்களில் மிகப் பெரும்பாலோர் அது ஒரு பறவையே என்றனர். அது 'ஸுமானா' என்னும் பறவை என்றோ, அதை ஒத்த பறவை என்றோ அவர்கள் விளக்கினர். ஸுமானா என அரபிகள் வழங்குவதையே நாம் காடை என்கிறோம்.

ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த எகிப்தியப் பேரறிஞர் கமாலுத்தீன் தமீரீ (ரஹ்) அவர்கள், உயிரினங்களைப் பற்றி எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் இப்பறவையைக் குறித்தும் எழுதியுள்ளார். அவர் தரும் செய்திகள் சுவையானவை. இடியோசை கேட்டால் இது மாண்டுவிடும் என்று கருதியமையால் 'இடியால் மாண்டது' என்னும் பொருள்பட இதற்கு ஒரு பெயர் உண்டாம். இது எங்கிருந்து வருகிறது என்று எவருக்கும் தெரியாதாம். உப்புக் கடலின் உள்ளிருந்தே வெளிவருகிறது என்று சொல்வோரும் இருந்தனராம். ஒரு சிறகைக் கடல்நீரில் தோய்த்து, மறு சிறகைக் கப்பற்பாய் போல் விரித்து அது மிதந்து வருவதைக் கண்டோர் அவ்வாறு நினைத்தனராம்.

இன்று இதைப் படிப்போர் புன்னகை செய்யலாம். ஆனால் அம்மக்கள் கண்ட காட்சி பொய்யன்று. காரணம்தான் அவர்களுக்கு எட்டவில்லை. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் குஞ்சு பொரித்து வளரும் காடைகள், குளிர் தொடங்கும் முன்னர் ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்படுகின்றன. ஏறக்குறைய நூறு கிராம் எடையே உள்ள, குட்டைச் சிறகு படைத்த, தரையிலேயே வாழ்ந்து பழகிய பறவை அது. அது இரவோடு இரவாக மத்தியதரைக் கடலைத் தாண்டுகிறது. களைத்தவை கடலிலேயே விழுகின்றன. கடந்து வந்தவை எகிப்தின் வடகரையிலும் ஸீனாய்க் கரையிலும் சோர்ந்து இறங்குகின்றன. அவ்வேளையில் அவற்றைக் கையாலேயே பிடித்துவிடலாம். வசந்தத்தில் வடக்கு நோக்கித் திரும்பும்போதும் இப்பகுதி அவற்றின் வழியிலேயே உள்ளது.

ஆக, பனூ இஸ்ராயீல்கள் தங்கியிருந்த நிலமும் காடைகள் வந்திறங்கும் நிலமும் ஒன்றே. இறைவன் தன் அருளை, தான் முன்னரே படைத்து வைத்த ஒரு வழியின் ஊடாக அனுப்பினான் என்று கொள்வதில் ஈமானுக்கு இழுக்கு ஏதும் இல்லை. வேண்டிய வேளையில் வேண்டியவர்களிடம் அது வந்து சேர்ந்ததே அருள்.

வலையும் நஞ்சும்

பழைய எகிப்தியர் இப்பறவையை நன்கு அறிந்திருந்தனர். அவர்களுடைய சித்திர எழுத்துகளில் காடைக்குஞ்சின் உருவம் ஓர் எழுத்தாகவே இருந்தது. நம் வகர உகர ஓசைகளை ஒத்த ஒலியை அது குறித்தது. அறுவடை வயலில் வலை விரித்துக் காடை பிடிக்கும் காட்சியை அவர்கள் கல்லறைச் சுவர்களில் செதுக்கி வைத்தனர்.

அந்த வலை இன்றுவரை சுருட்டப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து ஐரோப்பியச் சந்தைகளுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காடைகள் உயிருடன் கப்பலேறின. பின்னர் வரத்துக் குறைந்தது, ஏற்றுமதியும் தேய்ந்தது. எனினும் இந்நூற்றாண்டிலும் அக்கரையோரத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வலைகள் கட்டப்பட்டதைப் பறவையியலார் பதிவு செய்துள்ளனர்.

இங்கே நஞ்சைப் பற்றியும் ஒரு சொல். வலசைக் காலத்துக் காடை சிலருக்கு நஞ்சாவது உண்டு. அதை உண்ட சில மணி நேரத்தில் தசைகள் வலித்து விறைக்கும். தசைநார் சிதைந்து சிறுநீரகமும் பழுதாகலாம். கிரேக்க, உரோம ஆசிரியர்கள் இதனை அறிந்திருந்தனர். காடை நச்சுப் பூண்டுகளைத் தின்பதே காரணம் என்று முன்னோர் கருதினர். தமீரீ (ரஹ்) அவர்களும் அதன் தீனி நச்சுப் பூண்டு என்றே எழுதினார்கள். பண்ணைத் தீனி தின்று வளரும் காடையில் இந்நோய் காணப்படுவதில்லை. காட்டுப் பறவைக்கும் வீட்டுப் பறவைக்கும் உள்ள தொலைவை இதிலேயே காணலாம்.

ஸல்வாவைக் குறித்து நம் உலமாப் பெருமக்கள் நினைவூட்டும் செய்தி இன்னொன்று உண்டு. பனூ இஸ்ராயீல்களால்தான் இறைச்சி கெட்டுப்போவது தொடங்கிற்று என்னும் கருத்துடைய நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றுள்ளது. அன்றன்று வேண்டியதை எடுத்துக்கொள்ளாமல் நாளைக்கென்று பதுக்கினார்கள். பதுக்கியது கெட்டது என்று அதற்கு விளக்கம் எழுதினர். பிறகு அவர்கள் ஒரே உணவு சலித்துவிட்டது என்று கீரையும் பருப்பும் வெங்காயமும் கேட்டார்கள். வந்ததை நம்பாமல் சேர்த்து வைப்பதும், சேர்த்ததில் சலிப்படைவதும் மனிதனின் பழைய குணங்களே என்பது இதனால் விளங்கும்.

பிடித்தார்கள், பெருக்கவில்லை

காடையைப் பிடித்துக் கூண்டில் அடைத்தவர் பல நாட்டிலும் உண்டு. நம் சங்க நூல்களில் இது 'குறும்பூழ்' எனப்படும். நெய்யில் சமைத்த குறும்பூழைக் குறுந்தொகை பேசுகிறது. குறும்பூழ்ப் போர் பார்க்கப் போயிருந்ததாகச் சாக்குச் சொல்லும் கணவனைக் கலித்தொகையில் காண்கிறோம். வடக்கே இலட்சுமணபுரியாகிய லக்னோவில் நவாபுகளின் காலத்தில் காடைச்சண்டை ஒரு பெருங்கலையாகவே வளர்ந்தது. 'பட்டேர் பாஸி' என்று அதற்குப் பெயர். அந்நகரின் பழைய வாழ்க்கையை எழுதிய அப்துல் ஹலீம் ஷரர் அதனை விரிவாகவே வருணித்துள்ளார். உயிர்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. அதை அவர்கள் அறியாதவர்களல்லர். அறிந்தும் செய்தார்கள், அவ்வளவே.

ஆனால் இவர்கள் அனைவரும் காட்டிலிருந்து பிடித்தார்களேயன்றி, வீட்டில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கவில்லை. நம் நாட்டுக் காட்டுக் காடைகளுள் நெஞ்சில் கருமை படர்ந்த ஒரு வகை உண்டு. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் 'கோரமண்டல்' என்னும் நம் சோழமண்டலக் கரையின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அத்தகைய உறவு இருந்தும் அப்பறவையை எவரும் வீட்டுப் பறவையாக்கவில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் ஜப்பானியர்.

பாட்டுக்காக வளர்த்த பறவை

கிழக்கு ஆசியாவில் வாழும் காடை, எகிப்தில் இறங்கும் காடைக்கு மிக நெருங்கிய உறவு. முன்னர் இரண்டையும் ஓரினம் என்றே கருதினர். குரலிலும் பிற இயல்புகளிலும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, இப்போது அவற்றை இரு தனி இனங்களாகக் கொள்கின்றனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டளவிலேயே ஜப்பானில் காடை வளர்த்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. ஆனால் அவர்கள் அதனை முதலில் வளர்த்தது முட்டைக்காகவும் அன்று, இறைச்சிக்காகவும் அன்று. சேவலின் குரலுக்காகவே வளர்த்தனர். தாளம் தவறாது ஓங்கிக் கூவும் சேவலைப் போட்டிக்குக் கொண்டு செல்வர். எடோ காலம் எனப்படும் 1603க்கும் 1868க்கும் இடைப்பட்ட காலத்தில் இப்போட்டிகள் படைவீரர் குடும்பங்களிலும் வணிகர் வீடுகளிலும் பெருமைக்குரியனவாக இருந்தன. நல்ல குரலுடைய பறவைக்குக் கலைநயம் மிக்க கூண்டுகள் செய்து வைத்தனர்.

மெய்ஜி மன்னரின் காலம் 1912இல் முடிந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் நாடும் மாறியது. பறவையின் பயனும் மாறியது. எப்பறவை நன்றாகப் பாடுகிறது என்று பார்த்தவர்கள், எப்பறவை அதிகம் இடுகிறது என்று பார்க்கத் தொடங்கினர். மிகுதியாக முட்டையிடும் பெட்டைகளின் வழித்தோன்றல்களையே பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினர். சில பத்தாண்டுகளுக்குள் காடை வளர்ப்பு ஒரு தொழிலாயிற்று. ஐச்சி மாநிலத்தின் டொயோஹாஷி நகரம் அதற்குப் பேர்பெற்ற இடமாயிற்று. 1940ஆம் ஆண்டளவில் ஜப்பானில் ஏறத்தாழ இருபது இலட்சம் வளர்ப்புக் காடைகள் இருந்தன.

அதன் பிறகு வந்தது போர். மனிதனுக்கே அரிசி பங்கிட்டுக் கொடுத்த காலத்தில் காடைக்குத் தீனி ஏது? வெப்பம் தரும் விளக்குக்கு எண்ணெய் ஏது? 1945இல் போர் ஓய்ந்தபோது அந்த இருபது இலட்சத்தில் எஞ்சியவை மிகச் சிலவே. பாட்டுக்காக நூற்றாண்டுக் கணக்கில் பேணி வந்த வமிசங்கள் அடியோடு அழிந்துபட்டன. அவை இனி என்றும் திரும்பப் போவதில்லை. எஞ்சியிருந்த சிறு கூட்டத்தைக் கொண்டு மீண்டும் பெருக்கினார்கள். 1960களில் தொழில் மறுபடியும் தலையெடுத்தது. இன்று உலகெங்கும் கூண்டுகளில் இருக்கும் முட்டைக் காடைகளில் பெரும்பகுதி, போருக்குப் பின் எஞ்சிய அந்தச் சிறு கூட்டத்தின் வழியில் வந்தவையே.

மறந்துபோன தாய்மை

இங்கே ஒரு கேள்வி எழும். காட்டுப் பறவை பஞ்சத்திலும் போரிலும் தானே தப்பிப் பிழைக்கிறதே. இவை மட்டும் ஏன் அழிந்தன?

விடை அந்தப் பறவையிடமே இருக்கிறது. காட்டில் வாழும் காடைப் பெட்டை புல்லிடையே குழி பறித்து, பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, பதினேழு பதினெட்டு நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். அடைகாக்கத் தொடங்கியதும் முட்டையிடுவதை நிறுத்திவிடும். மிகுதியான முட்டையை விரும்பிய மனிதன், அடைகாக்காத பெட்டைகளையே தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தான். அதன் பயனாக இன்றைய பண்ணைக் காடை ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடுகிறது. ஆனால் அவற்றின் மீது உட்கார வேண்டும் என்பதையே மறந்துவிட்டது. தன் முட்டையை மிதித்துக்கொண்டே நடக்கும். கருவி கொண்டு மனிதன் பொரித்தால்தான் அதற்குச் சந்ததி உண்டு. கடல் தாண்டும் வேட்கையும் அதனிடம் பெரிதும் மங்கிவிட்டது.

ஏனைய மாற்றங்களையும் சுருங்கச் சொல்வோம். பொரித்த குஞ்சின் எடை ஏழெட்டு கிராம். ஆறேழு வாரத்தில் அது தாயாகி முட்டையிடத் தொடங்குகிறது. முட்டையின் எடை பத்து கிராம் அளவு. இறைச்சிக்கு ஐந்து வாரத்திலேயே ஏற்றதாகிறது. மூன்று வாரமானதும் நெஞ்சு இறகைப் பார்த்தே ஆண் பெண் பிரிக்கலாம்: ஆணுக்குச் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கரும்புள்ளி. வளர்ந்த பறவைக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராம் தீனி போதும்.

இவ்வளவு விரைவில் தலைமுறை மாறுவதனால் விஞ்ஞானிகளும் இதனை விரும்பினர். 1969இல் பிரான்சு நாட்டு அறிஞர் நிகோல் லு துவாரின் அம்மையார், காடையின் உயிரணு உட்கருவுக்குத் தனி அடையாளம் இருப்பதைக் கண்டு, அதனைக் கோழிக் கருவில் ஒட்டவைத்தார். கருவில் எந்த உயிரணு எங்கே சென்று எவ்வுறுப்பாகிறது என்பதை அதன் மூலம் பின்தொடர முடிந்தது. 1990இல் 'மீர்' விண்கலத்தில் ஒரு காடைக்குஞ்சு பொரிந்தது. பூமிக்கு வெளியே பொரிந்த முதற்பறவை அதுவே. எடையற்ற அந்த வெளியில் காலூன்றவும் தீனி கொத்தவும் இயலாமல் அக்குஞ்சுகள் தவித்தன. கடல் தாண்டியதனின் உறவுப் பறவையை மனிதன் விண்வரை கொண்டு சென்றான். ஆனால் அங்கும் அது மனிதனின் கையை நம்பியே இருந்தது.

நம் நாட்டுக்கு வந்த வழி

ஜப்பானியக் காடை நம் நாட்டுக்கு நேரே ஜப்பானிலிருந்து வரவில்லை. அமெரிக்காவைச் சுற்றி வந்தது. 1974இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, உத்தரப் பிரதேசம் இஜ்ஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அது கொண்டுவரப்பட்டது. 1979இல் அவ்விடத்திலேயே மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் தனியாக அமைந்தது. அங்கிருந்து இப்பறவை மாநிலங்களுக்குப் பரவிற்று. தமிழகத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இறைச்சிக் காடைக்கு, சென்னையின் ஒரு பகுதியாகிய நந்தனத்தின் பெயரே அமைந்து, 'நந்தனம் காடை' என வழங்கலாயிற்று.

காட்டுக் காடையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்புக் காடையும் இச்சட்டத்தில் சிக்கிய காலம் ஒன்று உண்டு. 2011இல் மத்திய அமைச்சகம் புதிய பண்ணைகளுக்கு உரிமம் தருவதை நிறுத்தும்படி பணித்தது. வளர்ப்போர் முறையிட்டனர், காட்டுப் பறவை வேறு, பண்ணைப் பறவை வேறு என்பதை அறிஞர்கள் எடுத்துரைத்தனர், பின்னர் ஜப்பானியக் காடைக்கு விலக்குக் கிடைத்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அரசே ஏற்றுக்கொண்டது என்க.

நாம் கற்ற பாடம்

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நாம் இளம் ஆசிரியராக இருந்த ஒரு மதரசாவில் காடை வளர்க்க முயன்றோம். பிள்ளைகளுக்கு வாரம் இருமுறையேனும் முட்டை கிடைக்கட்டும் என்பது நம் எண்ணம். "இதற்கு நோயே வராது, ஹஜரத், வேலையும் கிடையாது" என்று குஞ்சு விற்றவர் சொன்னார். நூறு குஞ்சுகள் வாங்கினோம். முதல் இரவிலேயே பதினொன்று மாண்டன. நோயால் அன்று, தண்ணீர்த் தட்டில் மூழ்கி மாண்டன. மறுநாள் காலை சமையற்கட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "கட்டை விரலளவு குஞ்சுக்குக் குளம் வெட்டி வைத்திருக்கிறீர்களே!" என்று கடிந்துகொண்டார். தட்டு நிறையக் கூழாங்கல்லைப் பரப்பினார். அதன் பிறகு ஒன்றுகூட மூழ்கவில்லை.

எஞ்சியவை நன்றாகவே வளர்ந்தன, முட்டையும் இட்டன. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அம்முட்டைகளையே சிறு கருவியொன்றில் பொரித்து, அக்குஞ்சுகளையே மறுபடி தாயும் தந்தையுமாக வைத்தோம். விலைக்கு வாங்குவது மிச்சம் என்று பெருமைப்பட்டோம். அடுத்த தலைமுறையில் பொரிப்புக் குறைந்தது. அதற்கடுத்ததில் பாதி முட்டை கூமுட்டையாயிற்று. பொரிந்தவற்றிலும் கால் திருகியவை பல. தீனி சரியில்லை என்றோம். விளக்கு சரியில்லை என்றோம். கண்ணேறு என்றாரும் உண்டு.

இறுதியில் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். "ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளையே கூட்டி வைத்திருக்கிறீர்கள். கோழி இதைச் சில காலம் தாங்கும், காடை தாங்காது. இரண்டு மூன்று தலைமுறையில் வமிசமே அற்றுப்போகும். வேறு இடத்துச் சேவலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார். நாம் தலை குனிந்தோம். காட்டில் இருந்திருந்தால் அப்பறவை தானே பறந்து போய்த் துணை தேடியிருக்கும். அந்தப் பொறுப்பை அதனிடமிருந்து பறித்தவர்கள் நாம். பறித்த பொறுப்பைச் சுமந்திருக்க வேண்டியவர்களும் நாமே. மாண்டவற்றை மதரசாத் தோட்டத்தில் புதைத்தோம். கூண்டு சில ஆண்டு விறகுக்கட்டு வைக்க உதவிற்று.

இதனை இங்கே எழுதுவது வளர்ப்போரை அச்சுறுத்துவதற்காக அன்று. நம் சமுதாயத்தில் விதவைத் தாய்மாரும், வெளிநாட்டிலிருந்து திரும்பிய தம்பிமாரும் சிறு முதலில் காடை வளர்த்துக் குடும்பம் நடத்துவதை நாம் கண்டிருக்கிறோம். அது போற்றத்தக்க ஹலாலான உழைப்பு. ஆயினும் நோயே வராது என்னும் சொல்லை நம்பிக் கடன் வாங்கி இறங்கியவர்கள் கலங்கி நின்றதையும் கண்டிருக்கிறோம். 2009இல் காடைத் தொழிலின் தலைநகராகிய டொயோஹாஷியிலேயே பறவைக் காய்ச்சல் புகுந்து, பல இலட்சம் காடைகளை அழிக்க நேர்ந்தது. முந்நூறு பறவையோடு தொடங்கும் நம் சகோதரி அதை நினைவில் வைத்துத் தொடங்கட்டும். முதல் வாரம் கைக்குழந்தையைக் காப்பதைப் போலச் சூடு காக்கட்டும். தண்ணீர்த் தட்டில் கல்லிடட்டும். தலைமுறைதோறும் சேவலை மாற்றட்டும்.

கூண்டும் அமானத்தும்

பறவையைக் கூண்டில் வைப்பது கூடுமா என்று வினவுவோர் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் என்னும் சிறுவர் சிறு குருவி ஒன்றை வைத்திருந்தார். அது இறந்துபோன துயரில் அவர் இருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்புடன் அதைப் பற்றிக் கேட்டு அவரைத் தேற்றினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 335), இந்த ஒரு செய்தியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக் காட்டித் தனி நூலே எழுதினார்கள். பறவையைப் பேணி வளர்க்கலாம் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்வர்.

ஆனால் அதே மார்க்கத்தில்தான் பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் முடிவும் சொல்லப்பட்டுள்ளது. இரண்டையும் சேர்த்தே ஓத வேண்டும். அடைப்பது கூடும், அடைத்த பிறகு மறப்பது கூடாது. கோழியை விடவும் காடைக்கு இது பொருந்தும். கோழி மறந்துவிடப்பட்டாலும் குப்பையைக் கிளறிப் பிழைத்து, ஒரு மூலையில் அடைகாத்து, பத்துக் குஞ்சோடு திரும்பி வரும். பண்ணைக் காடைக்கு அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். அதன் உணவும் சூடும் துணையும் சந்ததியும் நம் கையில் இருக்கின்றன. ஒருவனிடம் ஒரு பொருளை முழுவதுமாக ஒப்படைப்பதற்கு அரபியில் வழங்கும் சொல் அமானத்.

அறுப்பதிலும் இந்த அமானத் உண்டு. பறவை சிறிது, கணக்கோ பெரிது. ஒரு விருந்துக்கு ஐந்நூறு காடை அறுக்கும் இடத்தில் கத்தி கூர்மையாக இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் உரிய முறை பேணப்படுகிறதா என்று விருந்து வைப்பவர் ஒருமுறை சென்று பார்த்தால் நன்று. எண்ணிக்கை மிகுந்தமையால் உயிரின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை.

இனி அந்தச் சிறுவனுக்கு நாம் சொல்ல வேண்டிய விடை. தம்பி, உன் சஹனில் இருந்தது ஸல்வா அன்று. ஸல்வாவின் உறவுப் பறவை. ஸல்வா கடல் தாண்டி வந்தது. அதனை எவரும் வளர்க்கவில்லை. எவரும் தீனி போடவில்லை. அல்லாஹ் அனுப்பினான், வந்தது. உன் தெருக்கோடிப் பண்ணைக் காடையை மனிதர்கள் எண்ணூறு ஆண்டுக்கு மேல் தம் கையில் வைத்து மாற்றி மாற்றி இப்படி ஆக்கியிருக்கிறார்கள். அதன் உயிரும் அல்லாஹ் தந்ததே. இறைச்சியும் அவன் அருளே. உன் அப்பா அதை நினைவூட்டிப் பிஸ்மி சொல்லச் சொன்னது மிகச் சரி. ஆனால் ஸல்வாவுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதுமாயிருந்தது. பண்ணைக் காடைக்கு நன்றியும் சொல்ல வேண்டும். நாளைக்குக் கணக்கும் சொல்ல வேண்டும்.

அடுத்த விடுமுறையில் அவ்வூருக்குச் செல்லும்போது அவனை அந்தப் பண்ணைக்கே அழைத்துச் சென்று இவ்விடையைச் சொல்ல எண்ணியிருக்கிறோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் இருக்கிறதா என்பதையும் அங்கே பார்த்துவிட்டு வருவோம், இன்ஷா அல்லாஹ்.